140 ரூபாய் இரைச்சல்

கார் ரேடியோ செட்டின் விலை 2,800 ரூபாய். அதில் வந்த இரைச்சலை நிறுத்த நான் செலவழித்தது 8,180 ரூபாய். இதில் 5,620 அப்பட்டமான வீண். 1,200 ஒரு மீட்டருக்குப் போனது. உண்மையில் இரைச்சலை நிறுத்திய செலவு 1,360. அதற்குள்ளும், என்னை அதிகம் படுத்தியெடுத்த, அதிகம் செலவு வைத்த இரைச்சலுக்கான மருந்து 140 ரூபாய்தான்.

வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டவில்லை. இங்கே காட்டுகிறேன்.

வண்டி, பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். மாதம் இரண்டு முறை மதுரையிலிருந்து திருநெல்வேலி போய்வர வேண்டியிருக்கிறது. வழித்துணை ரேடியோ. பாட்டுக்கு எஃப்.எம். போதும், செய்தி, விவசாய நிகழ்ச்சி, நாடகம் என்று உட்கார்ந்து கேட்க எனக்கு மத்திய அலைதான் வேண்டும். மதுரை வானொலி 1269 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197.

இந்த எண்களில் ஒரு ஒழுங்கு உண்டு. நம் பக்கத்து மத்திய அலையில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் இடம் 531, கடைசி இடம் 1602. ஆக 120 இடங்கள். 1269-ஐ 9-ஆல் வகுத்தால் 141. 1197-ஐ வகுத்தால் 133. சென்னை 720 என்றால் 80, திருச்சி 936 என்றால் 104. எதுவும் மிச்சம் விழாது. மதுரைக்கும் நெல்லைக்கும் சரியாக நடுவில் இருப்பது 137-ஆவது எண், அதாவது 1233. என் ஊரில் பகலில் அந்த இடம் காலி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதல் கணக்கு: வீணான 5,620

வண்டியைக் கிளப்பியதும் செட்டில் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று ‘டிக் டிக்’. ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘டர்ர்’ என்று நெருங்கிவிடும். இன்னொன்று ‘உய்ங்’ என்று கொசுவைப்போல் ஓயாமல் காதைக் குடைவது. நான் எண்ணியது இரண்டு. அங்கேயே முதல் தப்பு. இருந்தவை மூன்று.

நோட்டில் எழுதியிருக்கும் வரிசை இது:

- புது ஏரியல், கேபிள், மாட்டுக்கூலி: 500
- செட்டுக்கு வரும் கரன்ட் வயரில் ஒரு ‘ஃபில்டர்’, மாட்டுக்கூலி: 650
- டைனமோவில் கண்டன்சர், மாட்டுக்கூலி: 170
- பழையதைக் கொடுத்து மாற்றிய டைனமோ, கூலி: 4,300
- மொத்தம்: 5,620

ஏரியல் போட்ட கடையில் “சத்தம் ஏரியல் வழியாத்தான் சார் வருது” என்றார்கள். பாதி உண்மை. ‘டிக் டிக்’ அந்த வழியாகத்தான் வந்தது. ஆனால் திருடன் வாசல் வழியே வந்தான் என்பதற்காக வாசற்கதவை மாற்றினால் திருட்டு நிற்காது. புது ஏரியலும் அதே ‘டிக் டிக்’கை இன்னும் தெளிவாகக் கொண்டுவந்து கொடுத்தது.

ஃபில்டர் என்பது ஒரு சுருளும் ஒரு கண்டன்சரும். சுருள் 1 மில்லிஹென்றி, கண்டன்சர் 2,200 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 107 அலைக்கு மேல் வருவதையெல்லாம் அது அமுக்கத் தொடங்கும். 1,080 அலையில் வரும் இரைச்சல் காகிதக் கணக்கில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். நல்ல சாமான்தான். ஆனால் அது காவல் காப்பது பாசிட்டிவ் வயரை. என் ‘உய்ங்’ நெகட்டிவ் பக்கமாக, எர்த் வழியாக வந்துகொண்டிருந்தது. முன்வாசலில் காவலாளி, கொல்லைப்புறம் திறந்து கிடந்தது.

கண்டன்சர் விஷயம் இதைவிட வேடிக்கை. டைனமோவில் மாட்டும் கண்டன்சர் பொதுவாக அரை மைக்ரோஃபாரடிலிருந்து மூன்று வரை இருக்கும். எனக்குப் போட்டது 2.2. இரைச்சலைத் தரைக்கு இறக்கிவிடும் குழாய் என்று இதைச் சொல்லலாம். குழாயின் வாய் அகலம் அலையைப் பொறுத்தது. நொடிக்கு 1,080 அலை என்றால் இந்தக் கண்டன்சர் காட்டும் தடை 67 ஓம். அதே கண்டன்சர் 1197 கிலோஹெர்ட்ஸில் காட்டும் தடை 0.06 ஓம். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ரேடியோ அலையாக வரும் கரகரப்பை இது விழுங்கும். காதுக்கு நேராகக் கேட்கும் ‘உய்ங்’குக்கு இது அடைத்த குழாய். கடைக்காரர் பொய் சொல்லவில்லை; வேறு நோயின் மருந்தைக் கொடுத்தார்.

பிறகு டைனமோ. ஆல்டர்நேட்டர் என்று புத்தகம் சொல்லும், பட்டறையில் டைனமோதான்.

“டைனமோதான் சார். வேற எதுவும் இல்ல. மாத்திட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“உள்ள டயோடு செக் பண்ணிட்டீங்களாண்ணே?”

“அதெல்லாம் சத்தத்தக் கேட்டாலே தெரியும் சார்.”

4,300 ரூபாய் கொடுத்து வண்டியை வெளியே எடுத்தேன். பெட்ரோல் பங்க் வருவதற்குள் ‘உய்ங்’ வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதிலும் உண்மை இருந்தது. சத்தத்தைக் கேட்டாலே தெரியும். ஆனால் கேட்டால் போதாது, எண்ணவும் வேண்டும்.

இரண்டாம் கணக்கு: சத்தத்தின் எண்

இன்ஜினிலிருந்து வரும் ஒவ்வோர் இரைச்சலுக்கும் ஓர் எண் உண்டு. அது கூட்டல் பெருக்கலில் அடங்கிவிடும்.

பொறியிலிருந்து தொடங்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிளக் பொறி விடும். மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் பொறி. நான்கு சிலிண்டர் வண்டிக்கு இரண்டு.

அடுத்தது டைனமோ. உள்ளே மூன்று சுற்றுக் கம்பிகள், ஆறு டயோடுகள். சிறிய கார்களின் டைனமோக்களில் 12 துருவங்கள், அதாவது 6 ஜோடி, இருப்பது வழக்கம். ஒரு ஜோடிக்கு 6 மேடு; 6 ஜோடிக்கு 36 மேடு. டைனமோ ஒருமுறை சுற்றினால் பேட்டரிக்குப் போகும் கரன்டில் 36 சிற்றலை. தையல்காரர் டேப்பை வைத்து இரண்டு புல்லிகளையும் அளந்தேன். என் வண்டியில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் டைனமோ ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றும்.

இப்போது கணக்கு போடலாம். நொடிக்கு எத்தனை என்று:

- இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று: பொறி 22.5, டைனமோ சிற்றலை 1,080
- 2,000 சுற்று: பொறி 50, டைனமோ சிற்றலை 2,400
- 3,000 சுற்று: பொறி 75, டைனமோ சிற்றலை 3,600

நொடிக்கு 22 தட்டு என்பதைக் காது தனித்தனித் தட்டுகளின் தொடராகவே கேட்கும். அதனால் அது ‘டிக் டிக்’. 1,080 என்பது சங்கீதத்துக்கு உரிய சுருதி. அதனால் அது ‘உய்ங்’. ஐட்லிங்கிலிருந்து 3,000 சுற்றுக்கு ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்தச் சுருதி ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்தாயி வழுக்கிக்கொண்டு மேலே போகும். நாதஸ்வரக்காரர் ஜாருவில் ஏறுவதுபோல், இடையில் எங்கும் நிற்காமல் ஏறும். இப்படி ஏறி இறங்கினால் அது சார்ஜ் சம்பந்தப்பட்ட இரைச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். டைனமோவே கெட்டது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நல்ல டைனமோவிலும் 36 மேடு உண்டு.

கெட்ட டைனமோ வேறு குரலில் பேசும். ஆறு டயோடில் ஒன்று போய்விட்டால் மேடுகளின் வரிசையில் ஒரு பள்ளம் விழும். பழைய 1,080-க்கு அடியில் 180 அலையில் ஓர் உறுமல் சேரும். ‘உய்ங்’ போய் ‘உர்ர்ங்’ ஆகும். பேட்டரி முனைகளில் மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். நான் 4,300 கொடுத்து வாங்கிய டைனமோவில் அந்த அளவு 0.05 வோல்ட். பழையதில் எவ்வளவு இருந்தது? தெரிந்துகொள்ள வழியில்லை. மீட்டரை அதற்குப் பிறகுதான் வாங்கினேன்.

மீட்டர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மிக மலிவான மீட்டர்களில் ஏ.சி. அளவே 200 வோல்ட்டில்தான் தொடங்கும். 0.05 வோல்ட்டைக் கேட்டால் அது பூஜ்யம் என்று சொல்லிவிட்டுத் தூங்கும். மில்லிவோல்ட் காட்டுகிற மீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். நான் கொடுத்தது 1,200. நொடிக்கு ஆயிரம் அலையில் இத்தகைய மீட்டர் துல்லியமாக இருக்காது. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

மூன்றாம் கணக்கு: காசில்லாத நான்கு சோதனை

செலவு 0 ரூபாய். நேரம் 20 நிமிடம். இதை முதலிலேயே செய்திருந்தால் மேலே உள்ள முதல் கணக்கே எழுதப்பட்டிருக்காது.

முதல் சோதனை. இன்ஜினைக் கிளப்பாமல் சாவியைப் பாதி திருப்பி, செட்டை மட்டும் போடுவது. இரைச்சல் இருந்தால் அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு ‘டிக் டிக்’ போனது. ‘உய்ங்’ இருந்தது. அதாவது, 4,300 ரூபாய் டைனமோ அசையாமல் நிற்கும்போதும் இருந்தது.

இரண்டாவது. இன்ஜினைக் கிளப்பி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்குவது. இப்போதுதான் காது திறந்தது. ‘உய்ங்’ ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கியது. இன்னொன்று இடத்தைவிட்டு நகராமல் ஒரே சீட்டியாக நின்றது. இத்தனை நாள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே குரலாக ஏமாற்றியிருக்கின்றன.

மூன்றாவது. செட்டின் பின்னாலிருந்து ஏரியல் முனையைப் பிடுங்குவது. ‘டிக் டிக்’ போனது, நகராத சீட்டியும் போனது. இரண்டும் காற்று வழி வருகின்றன என்று அர்த்தம். ஏறி இறங்கும் ‘உய்ங்’ மட்டும் அசரவில்லை.

நான்காவது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. அப்போதும் அந்த ‘உய்ங்’ அதே அளவில் கேட்டது. வால்யூமுக்குக் கட்டுப்படாத சத்தம், வால்யூமுக்குப் பிறகு நுழைகிற சத்தம். செட்டுக்கும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில்தான் அது இருக்க வேண்டும்.

ஆக மூன்று இரைச்சல், மூன்று வழி, மூன்று விலை.

இடையில் ஓர் எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பது பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. பேட்டரி என்கிற பஞ்சு மெத்தை இல்லாமல் டைனமோ திடீரென்று அனுப்பும் வோல்ட்டேஜ் 14-லிருந்து நாற்பது, அதற்கு மேல் என்று தாவும். செட், டயோடு எல்லாம் ஒரே நொடியில் போகும். சோதனைக்கு வேண்டுமானால், இன்ஜினை நிறுத்தி டைனமோவின் சிறிய கப்ளரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். சார்ஜ் ஏறாது, பெல்ட் பாட்டுக்குச் சுற்றும், ‘உய்ங்’ போகிறதா என்று தெரிந்துவிடும்.

சீட்டி: 0 ரூபாய்

முதலில் சுலபமானது. நகராத சீட்டி நெல்லை வானொலியில்தான் கேட்டது. 1269-இல் இல்லை. டயலை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அதே சீட்டி தலைகாட்டியது: 900 பக்கம், 1000 பக்கம், 1100 பக்கம், 1200 பக்கம். இப்படி ஏணிப்படி மாதிரி வருவது, ஏதோ ஒரு சாதனம் நொடிக்கு ஒரு லட்சம் முறை கரன்டை வெட்டி ஒட்டுகிறது என்பதற்கு அடையாளம்.

சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகியிருந்த செல்ஃபோன் சார்ஜர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அது செய்யும் வேலை அதுதான். அதன் பன்னிரண்டாவது படி 1200-இல் விழுகிறது. நெல்லை 1197. இடைவெளி வெறும் 3 கிலோஹெர்ட்ஸ்; அந்த 3-தான் என் காதில் சீட்டியாக விழுந்தது. மதுரைக்கு அடுத்த படி 1300. 31 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. அதனால் மதுரை தப்பியது.

சார்ஜரைப் பிடுங்கினேன். சீட்டி நின்றது. செலவு 0. இதே சந்தேகத்தை டேஷ் கேமரா, பின்னாளில் மாட்டிய எல்.இ.டி. முகப்பு விளக்கு ஆகியவற்றின்மேலும் வைக்கலாம். இன்ஜினைக் கிளப்பினால்தான் இவற்றையும் போடுகிறோம். பழி இன்ஜின்மேல் விழுகிறது.

‘டிக் டிக்’: 1,220 ரூபாய்

1887-இல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியது மின்பொறியை வைத்துத்தான். என் பானெட்டுக்குள் அதே கருவி மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு. கார் ரேடியோ பிறந்த நாளிலிருந்து இந்தச் சண்டை இருக்கிறது. 1930-இல் பால் கால்வினின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் காருக்கான செட்டை 110 முதல் 130 டாலர் வரை விற்றது. அந்தக் காலத்தில் செட் வாங்கினால் அது மட்டும் போதாது. பொறியின் இரைச்சலை அமுக்க பிளக்குகளில் தடைகளையும் மாட்ட வேண்டும்.

இன்று அந்தத் தடை பிளக்குக்குள்ளேயே இருக்கிறது. பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே ஏறக்குறைய 5,000 ஓம் தடை இருக்கிறது என்று பொருள். பொறி தாவும் கணத்தில் 15,000 வோல்ட் என்று வைத்தால், 5,000 ஓமின் வழியே 3 ஆம்பியருக்கு மேல் பாய முடியாது. தடை இல்லாவிட்டால் அந்த ஒரு கணத்துக்கு மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு எகிறும். ரேடியோவைக் கெடுப்பது அந்த எகிறல்தான்.

“தடை போட்டா பொறி செத்துடும் சார், இழுவை கொறையும்” என்பது இன்னொரு பட்டறை வாக்கு. கணக்கு வேறு சொல்கிறது. பொறி நிலைத்து எரியும்போது பாய்வது 0.05 ஆம்பியர் அளவு. 5,000 ஓமில் அது இழப்பது 250 வோல்ட். காயில் தரும் பல்லாயிரத்தில் இது கடலில் கரைத்த பெருங்காயம்.

என் வண்டியில் இருந்த மூன்று பிளக்கிலும் ‘ஆர்’ இல்லை. பிளக் வயர்கள் இன்னும் மோசம். முன்பு வைத்திருந்தவர் செம்புக் கம்பி வயர் போட்டிருக்கிறார். காயில் வயரையும் சேர்த்து, மீட்டரில் நான்கும் 0 ஓம். இருக்க வேண்டியது கார்பன் இழை வயர். அதில் தடை ஒரு மீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஓம். செம்புக் கம்பி வயர் பொறிக்கு நல்ல ஏரியல். செட்டுக்கு ஓர் ஏரியல், சத்தத்துக்கு நான்கு.

இதைக் கண்டுபிடித்தது ஒரு பழைய கைட்ரான்சிஸ்டர். 1233-ஐ ஒட்டிக் காலி இடத்தில் முள்ளை வைத்து, பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜின் பக்கம் கொண்டுபோனேன். ஃபேன் பெல்ட்டுக்கு எட்டத்தில், வயரைத் தொடாமல். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ‘டர்ர்’ என்று அலறியது. டைனமோ பக்கம் அமைதி. பானெட்டின் தகட்டுக்கு நேராக வைத்தால், அங்கே வயரே இல்லாதபோதும், மறுபடி ‘டர்ர்’.

பானெட் எதற்குக் கத்துகிறது? கீல் பக்கம் குனிந்து பார்த்தேன். இரண்டு கீலிலும் பெயின்ட்மேல் பெயின்ட், அதன்மேல் கிரீஸ், அதன்மேல் செம்மண். பானெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் மீட்டர் ஒருமுறை 40 ஓம் என்றது, பானெட்டைத் தட்டியதும் முடிவிலி என்றது. இன்ஜினுக்குமேல் கவிழ்த்த இரும்பு மூடி, பாடியோடு உறவில்லாமல் தனியாக மிதந்துகொண்டிருந்தது. மூடியாக இருக்க வேண்டியது ஏரியலாகிவிட்டது.

பின்னல் எர்த் பட்டை இரண்டு வாங்கினேன். இங்கே ஒரு நுணுக்கம். சாதாரண உருண்டை வயரில் 30 சென்டிமீட்டர் போட்டாலும் மீட்டர் 0 ஓம் என்றுதான் காட்டும். ஆனால் அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 0.3 மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில், அதாவது எஃப்.எம். பட்டையில், அது 190 ஓம் தடைக்குச் சமம். மீட்டருக்கு எர்த், ரேடியோவுக்கு எர்த் இல்லை. அதனால் பட்டை அகலமாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். கீல் ஓரம் போல்ட்டைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை. நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸலின் தடவினேன். மீட்டர் 0.2 ஓமில் நின்றது.

- ‘ஆர்’ பிளக் 3, ஒன்று 130: 390
- கார்பன் பிளக் வயர் செட்: 650
- பின்னல் எர்த் பட்டை 2, ஒன்று 90: 180
- மொத்தம்: 1,220

பலனை ரூபாயில் சொல்ல முடியாது, கிலோமீட்டரில் சொல்லலாம். முன்பு கயத்தாறு தாண்டினால்தான் நெல்லை வானொலியின் பேச்சு புரியும். இப்போது கோவில்பட்டியிலேயே புரிகிறது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் லாபம். கிலோமீட்டருக்கு 49 ரூபாய் விழுகிறது.

‘உய்ங்’: 140 ரூபாய்

மிச்சமிருந்தது, 5,120 ரூபாயைத் தின்றும் அடங்காத ‘உய்ங்’. ஃபில்டர் 650, கண்டன்சர் 170, டைனமோ 4,300. மூன்றும் இதற்காகத்தான்.

செட்டின் எர்த் வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தகட்டில். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்சீட் போல்ட்டில். இரண்டும் ‘பாடி எர்த்’தான், ஆனால் பாடி முழுக்க ஒரே எர்த் என்பது நம்பிக்கை, மீட்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜினை ஓடவிட்டு இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஏ.சி. மில்லிவோல்ட் பார்த்தேன். 20.

20 மில்லிவோல்ட் என்ன பெரிய காசு? மெதுவாகப் பாட்டு கேட்கும்போது செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சிக்னல் 100 மில்லிவோல்ட் என்று வைத்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு டைனமோவின் குரல். டெசிபலில் 14 மட்டுமே இடைவெளி. வால்யூமைப் பூஜ்யமாக்கினால் பாட்டு போகும், 20 மில்லிவோல்ட் போகாது. நான்காவது சோதனை சொன்னதும் அதுதான்.

பின்சீட்டைத் தூக்கினேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் கம்பெனி பெயின்ட் கன்னிகழியாமல் இருந்தது. மாட்டியவர் பெயின்ட்டின் மேலேயே இறுக்கியிருக்கிறார். கரன்ட், போல்ட்டின் மரை வழியாக எப்படியோ போய்வந்துகொண்டிருந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தையும் உப்புத்தாளில் தேய்த்தேன். செட்டின் எர்த்தை டேஷ்போர்டிலிருந்து எடுத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, அதே பின்சீட் போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எர்த். மீட்டர்: 2 மில்லிவோல்ட். இடைவெளி 14 டெசிபலிலிருந்து 34 ஆனது. காதுக்கு: எதுவும் இல்லை.

- வயர்: 80
- உப்புத்தாள், வாஷர், வாஸலின் (பானெட்டுக்கும் சேர்த்து): 60
- மொத்தம்: 140

ஐந்தொகை

- வீண் செலவு: 5,620
- ‘டிக் டிக்’: 1,220
- ‘உய்ங்’: 140
- சீட்டி: 0
- மீட்டர்: 1,200
- மொத்தம்: 8,180

ஒரு ரூபாய்க்கு 69 பைசா வீண். பட்டறைகளில் காத்திருந்தது 11 மணி நேரம். நானே குனிந்து வேலை செய்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை, 7 மணி நேரம். ‘உய்ங்’குக்கு மட்டும் தனிக்கணக்கு போட்டால், தேவைப்பட்டது 140, அதற்கு முன் கொட்டியது 5,120. முப்பத்தாறு மடங்குக்கு மேல். டைனமோ ஒரு சுற்றுக்கு 36 அலை அடிக்கிறது என்பதை இப்போது நான் மறப்பதேயில்லை.

இரைச்சலைத் துரத்தாமல் கைவிடுவோர் பெரிய இடத்திலும் உண்டு. மின்சாரக் கார்களில் மோட்டாரை ஓட்டும் மின்னணுச் சாதனங்கள் மத்திய அலையைக் கெடுக்கின்றன என்று சொல்லி, சில நிறுவனங்கள் செட்டிலிருந்து அந்த அலைவரிசையையே எடுத்துவிட்டன. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமும் புது வண்டிகளில் அதை எடுக்கத் திட்டமிட்டது. எதிர்ப்புக் கிளம்பி, 2023 மே மாதம் பின்வாங்கியது. இரைச்சலைத் தேடிப் பிடிப்பதைவிட நிலையத்தை நிறுத்துவது அவர்களுக்கு மலிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1197-இல் நெல்லைப் பேச்சு கேட்க உப்புத்தாள் ஒன்றும் பெரிய விலையில்லை.

போன வாரம் வேறு வேலையாக எலக்ட்ரீஷியன் அண்ணன் கடைக்குப் போனேன். செட் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். சத்தமில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா சார், டைனமோ மாத்துனதுக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு!”

டீ சொன்னேன். இரண்டு டீ, 24 ரூபாய். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.